ஒட்டாத எண்

டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறது, ஐயா. எனக்குக் கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் இதே டீயை ஒரு தெருவுக்கே ஊற்றிக் கொடுத்தால், முக்கால்வாசிப் பேர் குறை சொல்லாமல் குடித்துவிட்டுப் போவார்கள். போட்டவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

நீங்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்தேன். ஒரே ஓர் இடத்தில்தான் எனக்கு ஆட்சேபணை. 'ஆத்திரத்தில் மனைவியின் தம்பியைத் தாக்கி' என்று இருக்கிறது. ஆத்திரம் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். என் மச்சினன்மேல் எனக்கு ஆத்திரமே வந்தது கிடையாது. இந்த உலகத்தில் அவனைப் போல எனக்கு வேண்டியவன் வேறு யாருமில்லை. அவன் மண்டையை உடைத்தது நான்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் காரணத்தை நான் சொல்கிறபடி எழுதிக்கொள்ளுங்கள்.

வீடியோ கேம்களை மொத்தமாக எடுத்துக் கடைகளுக்கு அனுப்பும் கம்பெனியில் எனக்கு வேலை. ஒரு கேம் வெளிவருவதற்கு முன்பே, முதல் வாரத்தில் அது எத்தனை விற்கும் என்று நான் சொல்ல வேண்டும். நான் சொன்ன அளவுக்கு டிஸ்க் வந்து கிடங்கில் இறங்கும். கூட்டிச் சொன்னால் சரக்கு தேங்கும், குறைத்துச் சொன்னால் கடைக்காரர்கள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார்கள். இங்கே சேர்ந்ததிலிருந்து என் கணிப்பு தப்பியதில்லை. அலுவலகத்தில் என்னை ஜோசியர் என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிதான், அதில் கொஞ்சம் மரியாதையும் உண்டு.

இதற்கு முன் ஒரு செருப்புக் கம்பெனியில் இதே வேலை பார்த்தேன். அங்கே ஒருமுறை தப்பியது. அடைமழை என்று நம்பி ரப்பர் பூட்ஸை நான் மலையாக அடுக்க வைத்த வருடம், மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. தினமும் காலையில் என் நாற்காலியில் ஒரு பூட்ஸை உட்கார வைத்திருப்பார்கள். நான் அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார வேண்டும். மறுநாளும் இருக்கும். சிரிப்புச் சத்தம் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்கும். அந்த வேலையை விட்ட பிறகும் எந்த நாற்காலியில் உட்காரும் முன்பும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். இங்கே வந்தபோதும் பார்த்தேன், நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

புதுக் கம்பெனியில் நான் தப்பாததற்குக் காரணம் கணக்கு என்று எல்லோரும் நினைத்தார்கள். கணக்கும் போட்டேன்தான், ஒப்புக்கு. உண்மையான காரணம் என் வீட்டு மாடியில் குடியிருந்தான்.

என் மச்சினன் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். எதிலும் தனியாகத் தெரியாத ஆள். எல்லோரும் சிரிக்கிற இடத்தில் சிரிப்பான், எல்லோருக்கும் பிடிக்கிற சட்டையைப் போடுவான். வேலை முடிந்து வந்தால் டிவியில் கேம் கன்சோலை ஓடவிட்டு, சோபாவில் காலை நீட்டிவிடுவான். அவன் ஆசைப்பட்டு வாங்கியதெல்லாம் விற்றது. இரண்டு நாளில் அலுத்துப்போய்த் தூக்கிப் போட்டதெல்லாம் கடைகளில் தூசி படிந்தது. இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். அப்புறம் அதையே பிழைப்பாக்கிக்கொண்டேன். மாடிக்குப் போவேன், பேச்சோடு பேச்சாக, இந்த கேம் வாங்குவாயா என்று கேட்பேன். அவன் முகத்தைப் பார்ப்பேன். இறங்கி வந்து எண்ணைப் போடுவேன்.

அவனிடம் ஏன் கேட்கிறேன் என்று சொன்னதே கிடையாது. சொன்னால் யோசித்துப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவான். எந்த கேமையும் இலவசமாகக் கொடுத்ததும் கிடையாது. கொடுத்தால் அது விற்பனை ஆகாது. காசு கொடுத்து அவனாக வாங்க வேண்டும். தொழிலில் ஒரு நேர்மை வேண்டாமா?

அந்தக் கார்ப் பந்தய கேம் பற்றி உங்களுக்கும் தெரிந்திருக்கும். இதோ வருகிறது, அதோ வருகிறது என்று வருடக்கணக்கில் இழுத்தடித்தார்கள். கடைசியில் தேதி சொன்னார்கள், ஆனால் ஒரே ஒரு கன்சோலில்தான் ஓடும், அதுவும் புதிதாக வந்த கன்சோலில் மட்டும் என்றார்கள். அதற்காகப் புதிதாக ஒரு பெட்டியை யார் வாங்குவார்கள் என்று அலுவலகத்தில் எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். இரண்டு லட்சம் போவதே பெரிது என்றார்கள்.

முன்னோட்டம் வந்த அன்று காலை, மச்சினன் பல் துலக்கிக்கொண்டே என் போனில் அதைப் பார்த்தான். பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. நுரை தாடையில் வழிந்தது. துடைக்கக்கூட இல்லை.

"வர்ற அன்னைக்கே வாங்கிருவேன் மாமா," என்றான். "புது கன்சோலும் வாங்கணும். பரவால்ல, வாங்கிருவேன்."

நான்கு லட்சம் என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜோசியர் சொல்லிவிட்டார், இனி பேச்சில்லை என்று கையெழுத்துப் போட்டார். எனக்கு மனசு நிறைந்துபோனது. அந்தச் சந்தோஷத்தில் அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. சப்ளையர் ஒருவர் மாதிரிக்காக அனுப்பிய ஸ்டியரிங் ஒன்று என்னிடம் இருந்தது. நிஜக் காரின் அளவு, தோல் உறை, மேசையில் இறுக்குவதற்கு அடியில் கனமான இரும்பு. கேமை அவன் வாங்கிய பிறகு கொடுக்கலாம் என்று அதை பீரோவில் துணிகளுக்குப் பின்னால் வைத்தேன்.

டிஸ்க் எல்லாம் கிடங்கில் வந்து இறங்கிவிட்டது. கேம் வெளிவர இன்னும் சில வாரம் இருந்தபோது ஒருநாள், வழக்கம்போலப் பேச்சோடு பேச்சாக, வந்ததும் வாங்குவாய்தானே என்று கேட்டேன்.

"இல்ல மாமா, வாங்கல," என்றான்.

ஏன் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினான். பேச்சை மாற்றினான்.

ஐயா, உங்களுக்கு அது ஒருவன் சொன்ன ஒரு சொல். எனக்கு அப்படி இல்லை. அவன் வாங்கவில்லை என்றால், அவனைப் போல சோபாவில் காலை நீட்டியிருக்கும் லட்சம் பேர் அதே நேரத்தில், அதே தோளைக் குலுக்கி, வாங்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் அலுவலகத்தில் நாற்காலியைப் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது. இன்னும் சில நாள்தான் காலியாக இருக்கும் என்று பட்டது.

காரணம் என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். அப்போது அவனுக்கு வேலை அதிகம், இரண்டு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். விளையாட நேரமில்லாதவன் கேம் வாங்கி என்ன செய்வான்? நேரம் கிடைத்தால் ஆசை தானாக வரும். அவனுடைய பதிலை நான் மாற்றக் கூடாது, அது தப்பு. அவனுக்கு ஓய்வு கொடுக்கலாம், அது தப்பில்லை.

அதற்கு மறுநாள் காலை அவன் வேலைக்குக் கிளம்பி மாடிப்படியில் இறங்கும்போது சத்தமில்லாமல் பின்னாலேயே போய் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். உருண்டுபோய்ச் சுவரில் தலை மோதி மயங்கிவிட்டான். இறங்கிப் போய்ப் பார்த்தேன். சிராய்ப்புதான், எதுவும் முறியவில்லை. சிராய்ப்புக்கு யார் விடுப்பு கொடுப்பார்கள்? அவனுடைய இரண்டு கைகளையும் எடுத்து மார்பின்மேல் பத்திரமாக வைத்தேன். காரோட்டக் கை வேண்டும். பிறகு ஒரு காலைத் தூக்கிப் படியின் விளிம்பில் பாலம் மாதிரி வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே ஏறி நின்றேன். முதல் தடவை வளைந்து கொடுத்தது. இரண்டாம் தடவை குதித்தேன். சத்தம் நான் நினைத்ததைவிடச் சிறியது.

வலியில் விழித்துக்கொண்டு அலறினான். தோளில் போட்டுக்கொண்டு நான்தான் மருத்துவமனைக்கு ஓடினேன். அவன் வேலை செய்யும் இடத்திலேயே படம் எடுத்தார்கள். அந்த நிலையிலும் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எவ்வளவு சுத்தமா ஒடஞ்சிருக்கு பாரு" என்று கூட வேலை பார்ப்பவர்களிடம் காட்டினான். கால் தவறி விழுந்ததாகவே நம்பினான்; மாமா மட்டும் இல்லையென்றால் என் கதி அதோகதி என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். அதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

மாவுக்கட்டோடு சோபாவில் கிடந்தான். பழைய கேம்களைத் தூசி தட்டி எடுத்து நாள் முழுக்க ஆடினான். நான் நினைத்தது சரிதான் என்று எனக்குத் தெம்பு வந்தது. என் மனைவி அவனுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது மறுபடி கேட்டேன்.

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது.

"வாங்கப் போறதில்ல மாமா," என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே சிரிப்பு என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் ஆத்திரம் இல்லை. கீழே வந்து முகம் கழுவிக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நூறு எண்கள் ஒரு பக்கம் நிற்க, ஒன்று மட்டும் சேராமல் நின்றால், அதை ஒட்டாத எண் என்போம். உடனே தூக்க மாட்டோம். திரும்பச் சரிபார்ப்போம். அப்போதும் ஒட்டவில்லை என்றால் அதை எடுத்துவிட்டு மீதியை வைத்துக் கணக்கை முடிப்போம். இதில் எந்தப் பித்தலாட்டமும் இல்லை, எல்லா அலுவலகத்திலும் செய்வதுதான். காய்ச்சல் பார்க்கிற கருவியை உடைத்தால் காய்ச்சல் இறங்கிவிடுமா என்று உங்கள் உதவியாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கருவி கெட்டுப்போயிருந்தால்? கெட்டுப்போன கருவியை வீட்டில் வைத்துக்கொண்டு யாராவது நிம்மதியாக இருக்க முடியுமா?

கேம் வெளிவருவதற்கு முந்தின நாள் மத்தியானம், மனைவி வேலைக்குப் போயிருந்தாள். ஸ்டியரிங்கை ஒரு பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனேன். இதைக் கொடுப்பதற்காக என்றுதான் எடுத்தேன். ஸ்டியரிங் கேம் ஆகாது, அதனால் கொடுத்தால் தப்பில்லை. அதைப் பார்த்தாவது அவனுக்கு ஆசை வரட்டும் என்று, கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுத்தேன். இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

பையிலிருந்து எடுத்ததும் அவன் முகம் மலர்ந்தது. கையில் வாங்கித் திருப்பினான், வாயாலேயே வண்டிச் சத்தம் போட்டான். பிறகு பைக்குள் எட்டிப் பார்த்தான். அது காலியாக இருந்தது.

"கேம் எங்க மாமா?" என்றான்.

என்னிடமே கேட்கிறான். அப்படியென்றால் அவன் வாங்கவில்லை, வாங்கப் போவதுமில்லை. மூன்றாம் தடவையும் சரிபார்த்தாகிவிட்டது. ஸ்டியரிங்கைக் கொடு, மேசையில் மாட்டித் தருகிறேன் என்றேன். நம்பிக் கொடுத்தான். அவன் குனிந்து மாவுக்கட்டை நகர்த்தி இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, இரும்புப் பக்கத்தால் பின்மண்டையில் இறக்கினேன். அவன் திரும்பி, ஏதோ பொருள் தவறி விழுந்துவிட்டது என்பதுபோல என்னைப் பார்த்தான். கையை உயர்த்தினான். கையில் படாமல் ஒதுக்கிவிட்டு நெற்றியில் அடித்தேன். எலும்பு உள்ளே போவது கைக்குத் தெரிந்தது. அப்புறமும் மூச்சு இருந்ததால், அது நிற்கும்வரை அடித்தேன். நெற்றியில் ஒரு பக்கம் குழிந்தே போயிருந்தது, நீங்கள் படத்தில் பார்த்தீர்களே. அறையைத் துடைக்கத்தான் நேரம் பிடித்தது. அவனைத் தூக்கி வந்து படிகளுக்குக் கீழே போட்டு, பக்கத்தில் ஊன்றுகோலையும் வைத்தேன். ஏற்கெனவே விழுந்தவன் மறுபடியும் விழுந்தான் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் நம்பினார்கள். நீங்களும் முதலில் அப்படித்தானே நினைத்தீர்கள்?

ஸ்டியரிங் மாதிரிக்காக வந்த பொருள், இனி சப்ளையருக்கே திருப்பி அனுப்பிவிடலாம். கழுவி, துடைத்து, பீரோவில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் பிணவறை வாசலில் நான் உட்கார்ந்திருந்தபோது மேலாளர் கூப்பிட்டார். துக்கம் விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, கடைகளில் வரிசை தெருவைத் தாண்டி நிற்கிறது என்றார். வாரம் முடிவதற்குள் நான்கு லட்சமும் போய்விட்டது. ஒட்டாத எண்ணை எடுத்தது சரிதான் என்று எனக்கு நிரூபணம் கிடைத்தது. ஆனாலும் ஒரு வருத்தம் இருந்தது. இத்தனை வருடம் என் கூடவே சரியாக இருந்தவன், கடைசியில் ஏன் கெட்டுப்போனான்?

அந்த வருத்தத்தைத் தீர்த்து வைத்தவள் என் மனைவிதான். காரியமெல்லாம் முடிந்து வீடு வெறிச்சென்று கிடந்தபோது, அவனுடைய சோபாவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"ஆசைப்பட்ட கேமைக்கூட ஆடாம போயிட்டான்," என்றாள். "அவன் வாங்கறேன்னுதான் நின்னான். நான்தான் வேணாம்னேன். பீரோவுல அந்த ஸ்டியரிங்கைப் பாத்துட்டு, மாமா உனக்கு எல்லாம் சேத்து வாங்கி வெச்சிருக்காரு, நீ வேற வாங்கித் தொலைக்காத, கேட்டா தெரியாத மாதிரி வாங்கலன்னு சொல்லுன்னு சொல்லிக் கொடுத்தேன். சிரிப்பை அடக்க முடியாம எவ்வளவு பாடுபட்டான் தெரியுமா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப அவன் ஒட்டாத எண் இல்ல," என்றேன். "நான்தான் அநியாயமா எடுத்துட்டேன்."

ஒட்டாத எண்ணை நாங்கள் என்ன செய்வோம் என்று அவளுக்குத் தெரியும். அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து கீழே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. தோல் உறையின் தையலுக்குள் நான் துடைக்காமல் விட்டது இருந்திருக்கிறது. அவள்தான் உங்களைக் கூப்பிட்டாள். அவளை நான் குறை சொல்லவில்லை.

இவ்வளவுதான், ஐயா. காலை உடைத்தது நான், கொன்றது நான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் கணிப்பு தவறு என்று மட்டும் யாரும் எழுதிவிடக் கூடாது. பையைத் திறந்ததும் அவன் என்ன கேட்டான்? கேம் எங்கே என்றுதானே கேட்டான்? வாங்க ஆசையில்லாதவன் அப்படிக் கேட்பானா?