சுவரருகே சொன்ன சொல்

உங்கள் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை முனகுகிறது, ஐயா. நடுவில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். குறை சொல்வதாக நினைக்காதீர்கள். எனக்குக் காது கொஞ்சம் கூர்மை. பேஸ்பாலில் மைதானத்தின் பின்பகுதியில் நின்று பந்து பிடிக்கிறவனுக்குப் பாதிப் பிழைப்பு காதில்தான். மட்டையில் பந்து பட்ட சத்தத்தை வைத்தே முன்னால் ஓடுவதா, பின்னால் ஓடுவதா என்று கால் முடிவு செய்துவிடும்.

லீக் விசாரணைக்கு நீங்கள் என்னை அழைத்தது மைதானத்தைப் பராமரிக்கும் போலோவைப் பற்றிக் கேட்க. சுவரை ஒட்டிய மண்பட்டையில் அவர் புல்லை வளரவிட்டதால்தான் நெஃப்தாலி போய் மோதினான் என்று லீக் முழுக்கப் பேச்சு. அவருடைய வேலை போய்விட்டது, அடுத்தது வழக்கு என்கிறார்கள். போலோ மேல் தப்பில்லை. நிரபராதி ஒருவர் மாட்டிக்கொண்டு விழிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என் சுபாவம் அப்படி.

முதலில் நெஃப்தாலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன குளிர்காலப் பருவத்தில் எங்கள் அணிக்கு வந்தவன். நல்ல பையன். ரசிகர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'கரண்ட்'. வேகத்துக்காக வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். நம் டொமினிக்கன் கரண்ட்டைப் போல வருவான், போவான். ஒரு வாரம் தொட்டதெல்லாம் சுவரைத் தாண்டும். அடுத்த இரண்டு வாரம் மட்டை காற்றைத்தான் விசிறும். அவன் ஓங்கி அடித்தால், தெருவில் விளக்கு எரிந்ததும் வீட்டுக்கு வீடு எழுமே, அதே கூச்சல் மேல்தட்டு இருக்கைகளிலிருந்து கேட்கும்: "கரண்ட் வந்துருச்சு!" அடிக்காமல் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பினால், "போச்சுடா! மெழுகுவத்திய எடுத்து ஏத்துங்கடா!" அவனும் தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டே சிரிப்பான். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் பிடிக்கவில்லை. ஆட்டத்தை மதிக்கிறவனுக்கு அப்போது சிரிப்பு வராது.

நடு மைதானம் என்னுடையது. இந்த ஊரில் 'எலிஹியோ' என்று என் பெயரைச் சொன்னால் குழந்தைகூட நடு மைதானத்தைக் கைகாட்டும். நெஃப்தாலி நன்றாக அடிக்கும் வாரங்களில் அவனை அங்கே நிறுத்திவிட்டு என்னை இடது பக்கம் தள்ளுவார்கள். அவன் படுத்துவிட்டால் என்னைத் திரும்ப நடுவுக்குக் கூப்பிடுவார்கள். விருந்தாளி வரும்போதெல்லாம் கட்டிலை விட்டுக்கொடுத்துத் தரையில் படுக்கிறவன் மாதிரி இருந்தேன். ஆனாலும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசிச் சுற்று தொடங்குவதற்கு முன்னால் மேலாளர் அனிபால் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் டோமினோக் கட்டைகளைக் கலைத்துக்கொண்டே கேட்டார்.

"எலிஹியோ, நீ மனசுல பட்டதச் சொல்லு. இந்தப் பையன இனிமே தினமும் நடுவுல இறக்கலாமா?"

"வேணாம்," என்றேன். "ஒரு வாரம் ஆடுறான், ரெண்டு வாரம் தூங்குறான். அவன நம்பி எப்படி இறங்குறது? முக்கியமான ஆட்டத்துல கால வாரிடுவான்."

"அவன் தூங்குறதே நாம உக்காரவெச்சு உக்காரவெச்சுத்தாம்ப்பா. நாளைக்கு இருப்போமா மாட்டோமான்னு பயந்துக்கிட்டே நின்னா எவனுக்கு மட்டை வரும்? சுணக்கம் எல்லாருக்கும் வரும். அதுக்குள்ள அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது."

"அப்ப நான்?"

"இந்தச் சுற்று முழுக்க இடது பக்கம் நில்லு. அடுத்த வருஷம் அங்கயும் வேற ஆள் வர்றான். உனக்குப் பயிற்சியாளர் வேல பாத்து வெச்சிருக்கேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத, உன் நல்லதுக்குத்தான்."

அவர் என் கருத்தைக் கேட்டார், நான் நேர்மையாகச் சொன்னேன். பொறாமையில் சொன்னதாக நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. அந்தப் பையனைத் தினமும் இறக்குவது தவறு. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

இனி சுவருக்கு வருகிறேன். தலைக்கு மேலே போகும் பந்தைத் துரத்துகிறவன் பந்தைத்தான் பார்ப்பான். சுவரைப் பார்த்தால் பந்து போய்விடும். அவனைக் காப்பாற்ற இரண்டு ஏற்பாடு உண்டு. ஒன்று, சுவரை ஒட்டிப் போட்டிருக்கும் மண்பட்டை. புல் முடிந்து காலுக்கடியில் மண் நறநறத்தால் சுவர் வந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று, பக்கத்தில் நிற்கும் ஆட்டக்காரன். அவன்தான் ஓடுகிறவனுக்குக் கண். "இடம் இருக்கு" என்று கத்துவான், இல்லாவிட்டால் "சுவர்" என்று கத்துவான். அணிக்குள் அடிதடியே நடந்திருந்தாலும் அந்த இரண்டு சொல்லில் யாரும் விளையாட மாட்டார்கள். நான் ஆட வந்த நாளிலிருந்து அப்படி ஒருவனைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை.

எங்கள் மைதானத்தில் நடுவுக்கும் இடது பக்கத்துக்கும் இடைப்பட்ட சுவரில், மோதினால் அடிபடாமலிருக்கக் கட்டியிருந்த மெத்தையைப் புயல் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. வெறும் சிமெண்ட். அதன் அடியில் மண்பட்டை மேல் புல் படர ஆரம்பித்திருந்தது. போலோ மண்வெட்டியோடு வந்தார். நான்தான் தடுத்தேன்.

"இருக்கட்டும் விடுங்க போலோ. மண்ணுல ஓடுனா என் முட்டி கழண்டுடுது. இந்தச் சுற்று முடியட்டும், அப்புறம் செதுக்கிக்கலாம்."

"பையன் எங்கயாவது போய் முட்டிக்கப் போறான், எலிஹியோ."

"நான் பக்கத்துலதான நிக்கிறேன்? நான் பாத்துக்கறேன்."

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் முட்டியில் ஒரு கோளாறும் இல்லை. அவர் இதை உங்களிடம் சொல்லவில்லை என்று தெரிகிறது. என்னை மாட்டிவிட வேண்டாம் என்று நினைத்திருப்பார். அந்தக் காலத்து மனிதர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம் நெரிந்தது. நெஃப்தாலிக்குக் கரண்ட் வந்திருந்த வாரம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஓடி வந்து என் தோளில் கைபோட்டான். "அண்ணே, நான் பந்த மட்டும் பாக்கறேன். மத்ததெல்லாம் உங்க கண்ணு." வாழையிலையில் கட்டி அவித்த பண்டத்தை அவன் அம்மா எனக்கென்று தனியாகக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். உள்ளே கோழிக்கறி வைத்தது. உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து முழுவதையும் தின்றேன். உப்பு காரம் எல்லாம் சரியாக இருந்தது.

கடைசிக் கட்டத்தில் நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். ஒருவனை வெளியேற்றினால் ஆட்டம் முடிந்தது. மட்டையின் சத்தம் கேட்டவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது, பந்து அந்தச் சிமெண்ட் சுவருக்குத்தான் போகிறது. நெஃப்தாலி முகத்தை மேலே தூக்கிக்கொண்டு ஓடினான். அப்படி ஓடி நான் யாரையும் பார்த்ததில்லை. அதை மறைக்கத் தேவையில்லை. நானும் அவன் பக்கமாக ஓடினேன்.

"அண்ணே, இடம்?" என்று கத்தினான்.

அவனுக்கும் சுவருக்கும் நடுவே மூன்று எட்டுத்தான் இருந்தது.

"இருக்கு!" என்றேன். "நிறைய இருக்கு! ஓடு!"

அந்தச் சத்தத்தை நான் வர்ணிக்க வேண்டாம். அவன் விழுந்தான், பந்து கையுறைக்குள்ளேயே இருந்தது. விரல்களைப் பிரித்துப் பந்தை எடுத்து நடுவருக்குத் தூக்கிக் காட்டினேன். அவ்வளவு கஷ்டப்பட்டுப் பிடித்தது கணக்கில் வராமல் போகக் கூடாதல்லவா? மேல்தட்டில் "கரண்ட் வந்துருச்சு" என்று குதித்துக்கொண்டிருந்தார்கள். அவன் எழுந்திருக்காததைக் கவனிக்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நான் நினைத்தது ஒரு தோள்பட்டை, மிஞ்சிப்போனால் ஒரு விலா. ஒரு பருவம் ஓய்வெடுத்தால் பையனுக்கு நிதானம் வரும், அவனுக்கே அது நல்லது என்று நினைத்தேன். கழுத்து என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இனி நடக்க மாட்டானாம்.

சாந்தோ தொமிங்கோவில் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றிக் கட்டு, கண்கள் மட்டும் அசைந்தன. அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பக்கத்துல இருந்தும் இப்படி ஆயிடுச்சேப்பா" என்று அழுதார்கள். அதற்கு அவன் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அவர ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. அண்ணன் 'சுவர்'னு கத்தினாரு. நான்தான் நிக்கல." சொல்லி முடித்த பிறகும் கண்ணை எடுக்கவில்லை. நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன், அறை புழுக்கமாக இருந்தது.

அடிபட்ட அதிர்ச்சியில் பையன் குழம்பிவிட்டான், வேறொன்றுமில்லை. நிலையில்லாதவன் என்று நான் சொன்னது இதைத்தான். காதில் விழுந்த ஒரு சொல்கூட அவன் நினைவில் நிற்கவில்லை, பாருங்கள். அவன் சொன்னதைத் திருத்தத்தான் வந்தேன். போலோவுக்கு வேலையைத் திருப்பிக் கொடுங்கள். புல்லை வளரவிடச் சொன்னவன் நான், இடம் இருக்கிறது என்று சொன்னவனும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

சீக்கிரம் முடித்தால் நல்லது, சாயங்காலம் பயிற்சி இருக்கிறது. இப்போது தினமும் நடுவில் நான்தான் இறங்குகிறேன். அன்றிலிருந்து ஒரு பந்துகூட என் மட்டையில் சரியாகப் படவில்லை என்பது உண்மை. நேற்று மேல்தட்டிலிருந்து ஒருவன் என்னைப் பார்த்து, "போச்சுடா, மெழுகுவத்திய ஏத்து!" என்று கத்தினான். விவரம் தெரியாதவன். சுணக்கம் எல்லோருக்கும் வரும், ஐயா. அதற்குள் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது.