கப்பலுக்கு வந்த நெட்

"கப்பலுக்கு நெட் போட்டுக் குடுத்தான் பாரு, அவனை மொதல்ல செருப்பால அடிக்கணும்."

செஞ்சி ரேஷன் கடையில் கைரேகை மிஷினுக்கு சிக்னல் கிடைக்காமல் அரை மணி நேரமாக வரிசை நகரவில்லை. எனக்கு நேர் முன்னால் நின்ற பெண்தான் தன் தங்கையிடம் அப்படிச் சொன்னாள்.

"ஏங்க்கா, மாமா தினம் பேசுறாரேன்னு சந்தோஷப்படுவியா..."

"பேசுறாரா? முன்னாடி கப்பல் கரைக்கு வந்தாதான் போன் வரும். 'சாப்டியா'ன்னு ஆசையாக் கேப்பாரு. இப்ப சாட்டிலைட்டுல நெட் குடுத்துட்டானுங்க. நடுக்கடல்ல உக்காந்துக்கினு எந்நேரமும் வூட்டு கேமராவைப் பாத்துக்கினு இருக்குறாரு. மத்தியானம் ஹால்ல செத்த நேரம் படுத்தா, 'வேலை இல்லியா?'ங்குறாரு. நேத்து கேட்டாண்ட கேஸ்காரன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினேன். சிலிண்டர் உள்ள வர்றதுக்குள்ள போனு. 'அவன்கிட்ட இன்னா சிரிப்பு?'ங்குறாரு."

"கேமராவைப் புடுங்கிப் போடேன்."

"புடுங்கினா, இன்னாத்தை மறைக்குறேன்னு கேப்பாரு. வூடா அது? ஜெயிலு!"

அவள் கையிலிருந்த போன் அடித்தது. வீடியோ கால்.

"ரேஷன் கடையிலதான் நிக்குறேன். நம்பிக்கை இல்லியா? பாரு, நல்லாப் பாரு!"

போனைத் திருப்பி, வரிசை முழுவதையும் காட்டினாள். நடுக்கடலில் இருந்து அந்தக் குரல் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது.

"ஒனக்குப் பின்னாடி ஒட்டிக்கினு நிக்குறானே, யாரு அவன்?"

அப்போதுதான் அவள் முதன்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.