மூன்றாம் நம்பர் லேப்டாப்பில் நான் உரித்த ஸ்கிரீன் கார்டு

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் மூன்றையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வயது முப்பத்து நான்கு. கல் குவாரி ஆபீஸில் ஆறு வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். விபத்தில் இறந்துபோன துளை மெஷின் ஓட்டுநர் என் கூடப்பிறந்த அக்காவின் கணவர். அவரை மாமா என்று கூப்பிடுவேன். வெடிக்காத குழியைப் பற்றி எச்சரிக்கை செய்யவில்லை என்று நீங்கள் பிடித்து வைத்திருக்கும் வெடி வைப்பவர், எச்சரிக்கை செய்தார். அதைச் சொல்லத்தான் நானாக வந்தேன்.

குவாரியில் அடி தாங்கும் லேப்டாப்கள் நான்கு உண்டு. கீழே போட்டாலும் உடையாது, மழையில் நனைந்தாலும் கெடாது. ஆனால் கல் தூசி திரையைக் கீறிவிடும். அதற்காகத் திரையின் மேல் ஸ்கிரீன் கார்டு என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறையை ஒட்டியிருப்போம். அது தேய்ந்து மங்கியதும் பழையதை உரித்துப் புதியதை ஒட்டுவது என் வேலை. மாமா என்னை ஸ்டிக்கர் டாக்டர் என்று கேலி செய்வார். "என்ன டாக்டரம்மா, இன்னைக்கு எத்தனை பேருக்குத் தோல் உரிச்சே?" என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் கேட்பார்.

வெடி வைத்தபின் ஏதாவது குழியில் மருந்து வெடிக்காமல் தங்கிவிட்டால், வெடி வைப்பவர் லேப்டாப்பில் இருக்கும் வரைபடத்தில் அந்தக் குழியைத் தொட்டுச் சிவப்பாக்க வேண்டும். அதன் பிறகு அதே லேப்டாப்பைத் துளை மெஷினின் கேபினில் மாட்டுவார்கள். ஓட்டுநர் சிவப்பைப் பார்த்து ஒதுங்கிப் போவார். கம்ப்யூட்டர் வந்ததும், இதையெல்லாம் குறித்து வைக்கும் பழைய நோட்டை நிறுத்திவிட்டார்கள். கார்டு தேய்ந்துபோனால் தொட்டாலும் திரை கேட்காது. அந்த மாதிரி நாட்களில் வெடி வைப்பவர் மார்க்கர் பேனாவால் கார்டின் மேலேயே எழுதிவிடுவார். அவரைப் பார்த்து எல்லாரும் எழுத ஆரம்பித்தார்கள். டீசல் இல்லை, பிரேக் பிடிக்கவில்லை, மேனேஜரின் மூக்கு என்று ஒரு படம், இப்படி. வேலை முடிந்தபின் ஒருவரும் அழிக்க மாட்டார்கள். நான் உரிப்பதற்கு முன்னால் எழுதியவரைக் கூப்பிட்டு, இது வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுக்கொள்வேன். அப்படிச் செய்யச் சொல்லி எங்கும் எழுதி வைக்கவில்லை. நானாக வைத்துக்கொண்ட வழக்கம்.

விபத்துக்கு மூன்று வாரம் முன்பு, நான் காலையில் ஒட்டிய புதுக் கார்டில் மத்தியானமே வெடி வைப்பவர் எழுதிக் கொண்டுவந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இது என்ன கக்கூஸ் சுவரா, கண்டபடி கிறுக்க?" என்று கேட்டேன். அவர், "ஃபேனுக்குக் கீழ உக்காந்து துடைக்கிறவளுக்குக் குழியைப் பத்தி என்ன தெரியும்?" என்றார். ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். "இனிமே நீங்க எழுதறதைக் கேக்கவும் மாட்டேன் வைக்கவும் மாட்டேன், உரிச்சுக் குப்பையில போடுவேன்" என்று சொன்னேன். அதன் பிறகு எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

சம்பவம் நடந்த செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு அவர் மூன்றாம் நம்பர் லேப்டாப்பை என் மேஜையில் வைத்து, சுவரைப் பார்த்து, "டச் வேலை செய்யல" என்று சொல்லிவிட்டுப் போனார். போய்க் குழாயடியில் கை கழுவிக்கொண்டு நின்றார். என் ஜன்னலிலிருந்து இருபது அடி இருக்கும். அதற்குள் மேனேஜர் போன் செய்து, துளை மெஷின் சும்மா நிற்கிறது, அரை மணி நேரத்தில் முடி என்றார். நான் கதவைச் சாத்தி, தூசி அடங்கத் தண்ணீர் தெளித்து, ஹேர் டிரையரால் கார்டின் ஓரங்களைச் சூடாக்கினேன்.

வலது பக்க மேல் மூலையில், 'கிழக்கு வரிசை 14 வெடிக்கல, கிட்டப் போகாதே' என்று எழுதியிருந்தது. நான் அதைப் படித்தேன். போன மாதம் இதே மாதிரி 9 என்று எழுதியது, அந்தக் குழியைச் சரிசெய்து மூன்று வாரம் ஆகியும் அழிக்காமல் கிடந்தது. இதுவும் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பழைய எழுத்தென்றால் அதன் மேல் தூசிக் கீறல் ஓடியிருக்கும். இதன் மேல் ஒரு கீறல்கூட இல்லை. அதையும் பார்த்தேன். ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். முதலில் நான் போய்ப் பேசினதாக ஆகிவிடும் என்று கொடுக்கவில்லை. நகத்தால் மூலையைக் கிளப்பி, படுக்கை வாட்டில் மெதுவாக இழுத்தேன். கார்டு கிழியாமல் ஒரே துண்டாக வந்தது. கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டபோது மனசுக்குள் ஒரு திருப்தி இருந்தது. அது உண்மை.

அதன் பிறகு புதுக் கார்டை ஒரு கொப்புளம் இல்லாமல் ஒட்டி, நாலு மூலையும் தொட்டுச் சோதித்தேன். வரைபடத்தில் எல்லாக் குழிகளும் பச்சையாக இருந்தன. பத்தே முக்காலுக்கு மாமா வந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போனார்.

பன்னிரண்டு நாற்பதுக்குச் சத்தம் கேட்டது. அது வெடி வைக்கும் நேரம் இல்லை. யாரும் வந்து சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு போய்ப் பார்த்தபோது கேபின் என்று ஒன்று இல்லை. லேப்டாப் நாற்பது அடி தள்ளிக் கிடந்தது. திரை அணையாமல் ஒளிர்ந்துகொண்டிருந்தது, டச் வேலை செய்தது. மாமாவைத் தார்ப்பாயில் எடுத்தார்கள்.

வெடி வைப்பவர் கார்டில் எழுதியதாகச் சொல்வதைக் கேட்டு, அன்று சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "கார்டு மங்கிப்போய் இருந்துச்சு, ஒண்ணும் தெரியலன்னு சொல்லிடும்மா. போனவர் திரும்பி வரப்போறாரா? உங்க அக்காவுக்கு ஆபீஸ்லயே ஒரு வேலை போட்டுத் தரேன். வேற மாதிரி பேசினா நீதான் உள்ள போவே" என்றார். மறுநாள் காலை குப்பையை எரித்துவிட்டார்கள். கார்டில் எழுதினேன் என்று வெடி வைப்பவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவர் எழுதியதற்கு இப்போது இருக்கும் ஒரே சாட்சி நான்தான்.

பதினோரு நாளாக அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். அக்கா, "அந்தப் பாவி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் புருஷன் இருந்திருப்பாரே, அவன் நாசமாப் போக" என்று விடியும்போது ஆரம்பிப்பாள். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "சரிக்கா, ரெண்டு வாய் சாப்பிடு" என்பேன். நேற்று சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீயாவது இருக்கியே" என்றாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

மேலே உள்ளதை ஏட்டையா எனக்கு வாசித்துக் காட்டினார். கேட்டபோது ஒன்றை நான் விட்டிருப்பது தெரிந்தது. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன். லேப்டாப்பை வாங்க வந்தபோது மாமா வாசற்படியில் நின்று என்னை ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, அந்த மனுஷன் இதுல ஏதாச்சும் எழுதியிருந்தாரா?" என்று கேட்டார். நான், "ஒண்ணும் இல்ல மாமா, வழக்கமான கிறுக்கல்தான்" என்றேன். "நீ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதில் உள்ள எல்லாம் நான் பார்த்தது, செய்தது, சொன்னது. கூட்டவில்லை, குறைக்கவில்லை. அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வெடி வைப்பவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துத் துணைக்கு வந்தவள். இதை அவளுக்கும் நீங்களே வாசித்துக் காட்டிவிடுங்கள். என் வாயால் முடியாது.

(கையொப்பம்)