மீன் இல்லாத கத்தி

சட்டைப் பையில் உப்புத்தாள் வைத்துக்கொள்வது என் பழக்கம், ஐயா. மற்றவர்கள் கைக்குட்டை வைத்துக்கொள்கிற மாதிரி. அதைப் பையிலேயே மறந்து சட்டையைத் துவைக்கப் போட்டு, மனைவியிடம் நான் வாங்காத திட்டில்லை.

எங்களுடையது கத்திப் பட்டறை. அப்பா எனக்கும் தங்கைக்கும் சேர்த்து எழுதிவைத்தது. ஒவ்வொரு கத்தியிலும் பிடியை ஒட்டி, அமிலத்தால் அரித்த சின்ன மீன் முத்திரை இருக்கும். தங்கையின் கணவர், என் மச்சான், பட்டறைக்குப் பக்கத்திலேயே இறைச்சிக் கடை வைத்திருந்தார். அங்கே எல்லாமே எங்கள் கத்திதான். "என் மச்சான் கத்தியப் பாத்தா எலும்பே தள்ளி உக்காரும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார்.

கத்தியைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியபின், இன்னொரு தடவை இளஞ்சூட்டில் வைத்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கூர் நன்றாகவே இருக்கும், ஆனால் கண்ணாடி மாதிரி உடையும். ஒரு விடுதிக்காரர் பன்னிரண்டு கத்தி அவசரமாகக் கேட்ட நாளில், எண்ணெயில் முக்கி எடுத்ததோடு அடுப்பு பழுதாகிவிட்டது. இரண்டாவது சூடு காட்டாமலே முடித்தேன். கூடுதலாகச் செய்த பதின்மூன்றாவதை மச்சான் ஆசையாக எடுத்துக்கொண்டார். திருப்பிக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அவருக்கோ ஓட்டை வாய். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு நேரம். சத்தம் கேட்டு நான்தான் ஓடினேன். எலும்பு வெட்டும்போது கத்தி முறிந்து, முனைப் பாதி அவர் தொடையில் பாய்ந்திருந்தது. பிடியோடு இருந்த பாதி தரையில் கிடந்தது, மீன் மேலே தெரிய.

"மச்சான், துணி எதையாவது வச்சு இறுக்கிக் கட்டுங்க" என்றார்.

கட்டினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட போனையும் எடுத்தேன். வருகிறவர்கள் அந்த மீனைப் பார்ப்பார்களே என்று தோன்றியது. ஒரு நிமிட வேலை. தங்கைக்கும் அந்தப் பட்டறைதானே சோறு போடுகிறது. அவளுக்காகத்தான் தேய்க்க உட்கார்ந்தேன்.

மீன் சுலபமாகப் போய்விட்டது. ஆனால் அந்த இடம் மட்டும் புதிதாகப் பளபளத்தது. அரைகுறை வேலை எனக்கு ஆகாது. பக்கம் முழுவதும் தேய்த்தேன். அப்புறம் மறுபக்கமும் அதோடு ஒத்துப்போக வேண்டுமே. கட்டு தளர்ந்ததை நான் கவனிக்கவில்லை. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தபோது இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. பத்து நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர்.

நீங்கள் பிடித்தது சரிதான். சுவரில் தொங்கிய ஒன்பது கத்தியிலும் மீன் இருந்தது, உடைந்ததில் மட்டும் இல்லை. தலை நிமிர்ந்தால் தெரிகிற விஷயம், எனக்குத் தோன்றவே இல்லை. விடுதியின் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பன்னிரண்டையும் சீக்கிரம் வாங்கிவிடுங்கள்.

சாவு வீட்டில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, நீதானே கூட இருந்தே. கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?"

"நான் போறப்பவே நினைவு இல்லம்மா" என்றேன். நான் தூக்கி வளர்த்த பெண், ஐயா. அவள் அழுததில் எனக்கு நெஞ்சே வெடித்துவிடும்போல இருந்தது.

அவர் சொன்னார். நான் கத்தியை மறுபக்கம் திருப்பியபோது, கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னார். "மச்சான், அத அப்புறம் தேய்ச்சுக்கலாமே."

"இதோ, முடிஞ்சிருச்சு மச்சான்" என்றேன்.

இதை மட்டும் தங்கையிடம் சொல்லிவிடாதீர்கள். அவள் கஷ்டப்படக் கூடாது என்றுதானே இத்தனையும் செய்தேன்.