பால் கெடக்கூடாது என்று நினைத்தேன்

என் கையெழுத்து அழகாக இருக்கும். அதனால்தான் எனக்கு அந்த நாற்காலி கிடைத்தது. காவல் நிலையத்துக்கு யார் வந்து என்ன சொன்னாலும் அதைத் தாளில் இறக்குகிற வேலை. அந்த வேலையில் இருப்பவரை ரைட்டர் என்பார்கள். பெண் என்பதால் நான் ரைட்டரம்மா. காணாமல் போன சைக்கிளிலிருந்து கொலை வரைக்கும் இருபத்தெட்டு வருஷம் எல்லாம் என் பேனா வழியாகத்தான் கோர்ட்டுக்குப் போயின. உட்கார், கண்ணு. அதில் வேண்டாம், ஒரு கால் ஆடும், இதில் உட்கார். போனை மேசைமேல் வைத்துக்கொள். பதிவாகட்டும்.

வந்ததும் வராததுமாக ஒரே கேள்விதான் கேட்டாய். "அந்தப் பால் விஷயம் எங்கப்பா வாயால சொன்னதாம்மா?"

உன் அப்பா பதினாறு வருஷமாக உள்ளே இருக்கிறார். இப்போது முன்கூட்டியே விடலாம் என்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொந்தத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். இருப்பது நீ மட்டும். உன் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. "அடிச்சதைக்கூட ஏதோ கோபம்னு விட்டுடுவேம்மா. அந்தப் பாலுதான். அதை நினைச்சா என் புள்ளைய அவர் பக்கத்துல விட மனசு வரல" என்றாய். வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். எனக்கு எதையும் நடுவிலிருந்து சொல்ல வராது, கொஞ்சம் பொறுத்துக்கொள்.

செத்துப்போனவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் டீச்சரம்மா. மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சமையலறைத் தரையில் கிடந்தார். பின்மண்டையில் அடி. பக்கத்தில் ஒரு ஸ்பேனர். அன்று மத்தியானம் அங்கே ஃப்ரிட்ஜ் சரிபண்ண வந்தவர் உன் அப்பா. ஸ்பேனரும் அவருடையதுதான். ஃப்ரிட்ஜ் தலையில் வைத்தவர் எடுக்க மறந்து போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக் கூட்டி வந்துவிட்டார்கள்.

இங்கே எங்கள் தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வறையில் ஒன்று இருந்தது. தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு குற்ற நிகழ்ச்சி மறுஒளிபரப்பாகும். உண்மைச் சம்பவம் என்று சிவப்பு எழுத்தில் போட்டு, நடிகர்களை வைத்து நடித்துக் காட்டுவார்கள். நிலையமே அங்கே கூடிவிடும். எங்கள் ஜீப் டிரைவர் முதல் விளம்பரத்துக்குள் குற்றவாளி யார் என்று சொல்லிவிடுவார். ஜீப் சாவி எங்கே என்றால் மட்டும் அவருக்குத் தெரியாது. "அவங்க இன்ஸ்பெக்டருக்குத் தொப்பையே இல்ல பாத்தீங்களா" என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். "அந்தாளு ஃபைல் எழுதறதில்லையே, ஓடிக்கிட்டே இருக்கான், எங்கேருந்து தொப்பை வரும்" என்று நான் சொல்வேன். சிரிப்போம்.

எல்லோரும் குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிகழ்ச்சியில் கொலை செய்தவன் கடைசியில் உட்கார்ந்து சொல்வான் இல்லையா, அந்த இடம். அதை எழுதியவர் கெட்டிக்காரர். கொலையை ஒரு வரியில் தாண்டிவிடுவார். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன வேலையை வைப்பார். கழுத்தை நெரித்தவன் மீனுக்குத் தீனி போடுவான். தள்ளிவிட்டவன் கோணலாயிருந்த படத்தை நேராக்குவான். அந்தச் சின்ன வேலையைப் பார்த்ததும்தான் நமக்கு முதுகு சிலிர்க்கும். இவன்தான் என்று மனசு முடிவு கட்டிவிடும். எனக்கு அது பிடித்திருந்தது. தப்பில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். சமையல் நிகழ்ச்சி பார்த்துச் சமைக்கிற மாதிரிதானே இதுவும்.

எங்கள் ஆய்வாளர் அந்தச் சமயத்தில் ஓர் அவமானத்தில் இருந்தார். முந்தின வழக்கு ஒன்றில் நீதிபதி நாலு பேர் முன்னால், "உங்க ஸ்டேஷன்ல மட்டும் எல்லாரும் ஒரே மாதிரிதான் கொலை பண்றாங்களா? எல்லாருக்கும் ஆத்திரம் தலைக்கேறுது, எல்லாரும் சுயநினைவை இழக்கிறாங்க" என்று கேட்டுவிட்டார். அந்த வாக்கியங்கள் என்னுடையவைதான். ஆய்வாளர் திரும்பி வந்து என் மேசை முன்னால் நின்றார். "ரைட்டரம்மா, இனிமே ஆளு பேசற மாதிரி இருக்கணும். டி.வி.யில எவ்ளோ நல்லா சொல்றானுங்க."

சரி சார் என்றேன்.

உன் அப்பாவை மூன்று நாள் தூங்கவிடவில்லை. நான் அடிக்கவில்லை. நான் யாரையும் அடித்ததில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். நிலையத்தில் அவரைத் தம்பி என்று கூப்பிட்டது நான் ஒருத்திதான். அதனால் மூன்றாம் நாள் மத்தியானம் அவர் என்னிடம்தான் சொன்னார்.

"அக்கா, நான் கிளம்பும்போது டீச்சரம்மா நல்லா இருந்தாங்க. தெர்மோஸ்டாட் மாத்தினேன், ஓட விட்டேன். உடனே எதையும் உள்ள வெச்சுடாதீங்க, ஒரு மணி நேரம் ஓடி நல்லாக் குளிரட்டும்னு சொல்லிட்டு மூணு மணிக்கு இறங்கிட்டேன். நாலு மணிக்கு நான் அடுத்த ரிப்பேருக்குப் பேக்கரிக்காரர் வீட்டுல இருந்தேன், கேட்டுப் பாருங்க." சட்டென்று ஏதோ தோன்றி நிமிர்ந்தார். "அக்கா, பால் பாத்திரம் வெளிய மேடையில இருந்துச்சு. இப்ப எங்க இருக்கு?"

"ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சு" என்றேன்.

"அப்போ நாலு மணி வரைக்கும் அவங்க இருந்திருக்காங்க இல்ல? அவங்கதானே எடுத்து வெச்சிருக்கணும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார், கண்ணு. மூன்று நாள் தூங்காத மனுஷன் முகமெல்லாம் சிரித்தார். பிழைத்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார்.

எனக்கும் புரிந்தது. பாடம் கேட்கிற பிள்ளைக்குப் புரிகிற மாதிரி முழுசாகப் புரிந்தது. அந்தப் பால் உள்ளே இருந்ததுதான் அவருக்கு இருந்த ஒரே சாட்சி. டி.வி.யில் என்றால் பாத்திரத்தின்மேல் பொடி தூவிக் கைரேகை எடுப்பார்கள். எங்களிடமும் பொடி இருந்தது. தூவத் தெரிந்தவர் விடுப்பில் இருந்தார். அதற்குள் பக்கத்து வீட்டம்மா, வீச்சம் அடிக்கிறது என்று பாலைக் கொட்டிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். மிஞ்சியது உன் அப்பா சொன்னதும், அதைக் கேட்ட நானும்தான்.

நான் மேசைக்குப் போய் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். கொலை ஒரு வரிதான். அதற்குக் கீழே இப்படி எழுதினேன். 'அவர் விழுந்த பிறகு என் வேலையை முடித்தேன். வெளியே இருந்த பால் பாத்திரத்தை எடுத்து உள்ளே வைத்தேன். பால் கெடக்கூடாது என்று நினைத்தேன்.'

ஆய்வாளர் படித்தார். "இது எதுக்கும்மா, கிறுக்குத்தனமா இருக்கு? அடிச்சுடுங்க."

"இருக்கட்டும் சார். இதுதான் நிக்கும்" என்றேன்.

மேலிடம் சொன்னது, நான் எழுதினேன் என்று என் தங்கையிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவளும் ஆமாம் பாவம் நீ என்ன பண்ணுவே என்பாள். அந்த மூன்று வரியை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

உன் அப்பா வாசித்துப் பார்த்தார். "இது நான் சொன்னதில்லையே அக்கா. பாலை நான் எங்க வெச்சேன்?" என்றார். நான் தோளில் கை வைத்து, "கையெழுத்துப் போட்டுடு தம்பி. கோர்ட்டுல மாத்திச் சொல்லிக்கலாம். இப்ப கொஞ்சம் தூங்கு" என்றேன். போட்டார். பேனாவைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். போலீஸிடம் மட்டும் எழுதிக் கொடுத்தது கோர்ட்டில் செல்லாது என்பதால், மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னாலும் அதே வாசகத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

அதற்கப்புறம் பேக்கரிக்காரர் வந்து சாட்சி சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. நீதிபதி தீர்ப்பில் அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டார். இப்படி ஒன்றை யாராலும் கற்பனை செய்ய முடியாது என்றும் சேர்த்திருந்தார். தீர்ப்புக்கெல்லாம் ரொம்ப முன்னாலேயே உன் அம்மா நிலையத்துக்கு வந்திருந்தாள். நீ அவள் இடுப்பை ஒட்டி நின்றாய், ஒன்பது வயது, ஒரு காலில் செருப்பு அறுந்திருந்தது. அவளுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். அதுவரை "அவர் ஒரு எறும்பைக்கூட…" என்று அழுதுகொண்டிருந்தவள், பாலைக் கேட்டதும் நிறுத்திவிட்டாள். "அவருதாம்மா. எந்த வேலையையும் பாதியில விடமாட்டார். இது அவரேதான்" என்றாள். ரிப்பேர் பண்ணின ஃப்ரிட்ஜில் உடனே பாலை வைக்கமாட்டார் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும், பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியவள். அது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. வர நான் இடம் கொடுக்கவில்லை.

அடுத்த வருஷம் அந்த நிகழ்ச்சிக்காரர்களே இந்த வழக்கை எடுத்தார்கள். உன் அப்பாவாக நல்ல உயரமான பையன் ஒருவன் நடித்தான். அவன் பால் பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்தி, தளும்பாமல் உள்ளே வைத்துக் கதவை மெதுவாகச் சாத்துவான். இசை நின்றுவிடும். ஓய்வறையில் கைதட்டினார்கள். "ரைட்டரம்மா, உங்க வசனத்தை ஒரு எழுத்து மாத்தல" என்றார் டிரைவர். அன்றைக்கு எல்லோருக்கும் டீ என் செலவு.

நீ அதை எத்தனை தடவை பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உன்னைப் 'பால்' என்று கூப்பிட்டார்கள் என்று உன் அம்மா சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

பிறகு ஒன்று நடந்தது. பக்கத்து நிலைய எல்லையில் ஒரு பையன் தன் சித்தப்பாவை உண்மையாகவே கொன்றுவிட்டான். கொன்ற கையோடு மாடியிலிருந்த தொட்டிச் செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். எழுதப் போனவள் நான்தான். ஏன்டா தண்ணி ஊத்தினே என்றேன். பேந்தப் பேந்த விழித்தான். "அப்படித்தானே செய்வாங்க அக்கா" என்றான். எனக்குக் கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று சொன்னால் உனக்கு ஆறுதலாக இருக்கும். நான் அதையும் அழகாகத்தான் எழுதினேன்.

ஆக, உன் கேள்விக்குப் பதில் இல்லை என்பதுதான். உன் அப்பா அதைச் சொல்லவில்லை, செய்யவும் இல்லை. பாலை வைத்தது டீச்சரம்மா. இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன். நீ கையெழுத்துப் போடு. குழந்தையை அவர் மடியில் உட்கார வை. எடுத்த எடுப்பில் அழும், வயசானவர்களைப் பார்த்தால் அழத்தான் செய்யும், விட்டுப்பிடி.

எழுந்துவிட்டாயா? இன்னொன்று இருக்கிறது, உட்கார். உன்னை இப்படியே அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

உன் அப்பா உள்ளே போன மூன்றாம் வருஷம், தண்ணீர்க் குழாய் திருடிய ஒருவனைப் பிடித்து வந்தார்கள். அந்தக் கட்டடக் காவலாளியின் மச்சான். பெயர், வயது என்று நான் எழுதிக்கொண்டிருந்தபோது தலையைக் குனிந்தபடி, "அக்கா, மூணாவது மாடி டீச்சரம்மா… அது நான்தான்" என்றான். குழாயைக் கழற்றப் போனானாம். கதவு திறந்திருந்ததாம். அவர் பார்த்துச் சத்தம் போட்டாராம். "அடிச்சேன். பயந்துட்டேன். ஓடிட்டேன்." அவ்வளவுதான் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து, "அடுப்பு எரிஞ்சிட்டிருந்துச்சு அக்கா. அணைக்கணும்னுகூடத் தோணல" என்றான்.

அடுப்பைப் பற்றி உன்னிடம் இதுவரை நான் சொல்லவில்லை, பார்த்தாயா. முதலில் உள்ளே போன காவலர் அடுப்பு எரிந்து பாத்திரம் கருகிக் கிடந்ததைப் பார்த்து, அணைத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். நான் எழுதவில்லை. பாலுக்குக் கவலைப்படுகிறவன் அடுப்பை எரியவிட்டுப் போகமாட்டான், வாக்குமூலம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். பத்திரிகையில் வரவில்லை, டி.வி.யில் வரவில்லை. அந்தக் காவலரும் மாற்றலாகிப் போய்விட்டார். அங்கே நின்றவனைத் தவிர அது யாருக்கும் தெரிந்திருக்க முடியாது.

புது ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். "என்ன ரைட்டரம்மா, டீச்சர் கேஸுன்னு ஏதோ சொல்றான், உண்மையா இருக்குமா?"

"டி.வி. பாத்துட்டு உளறுறான் சார்" என்றேன்.

அவர் போய்விட்டார். குழாய்த் திருட்டு மட்டும் எழுதினேன். அவன் ஆறு மாசம் இருந்துவிட்டு வெளியே போனான். போன வருஷம் எங்கேயோ செத்துப்போனதாகச் சொன்னார்கள்.

ஏன் மறைத்தேன் என்று கேட்கிறாய். பயத்தில் என்று சொன்னால் நீ நம்புவாய். உன் அப்பா வெளியே வந்தால் நான் உள்ளே போக வேண்டும், அந்தப் பயம். என் தங்கையிடம் சொல்வதற்கு அதைத்தான் தயாராக வைத்திருந்தேன். அவன் உளறுகிறான் என்று நிஜமாகவே நினைத்தேன் என்றும் கொஞ்ச வருஷம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். அடுப்பு என்று அவன் வாயைத் திறந்தபோதே எனக்குத் தெரியும்.

அவன் சொன்னது மூன்றே சொல், கண்ணு. அதில் ஒன்றுமே இல்லை. நான் எழுதியது அதைவிட நன்றாக இருந்தது. அதைக் கிழித்துப் போட எனக்கு மனசு வரவில்லை.