சுண்ணாம்பு முத்திரையை உடைத்த கைகள்

தலைமை ஏற்று அமர்ந்து, என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் நகரச் செயலாளர் ஜௌ பெய்லின் அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் பழைய செம்படைப் பெரியவர்களே! அடுப்பை அணைத்தும் அணைக்காமலும் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! நட்டும் அறுத்தும் நாட்டைக் காக்கும் லியுடாங் மண்ணின் மக்களே! பொது உணவுக்கூடத்தின் சமையற்காரி ஓ குய்லானின் மகள், பள்ளி ஆசிரியை ஹே ருயிங், உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

மேடைக்குப் பின்னால் துணி போர்த்தி நிற்கிறது ஒரு கல். அதில் மறைந்த நம் ஊர்த் தலைவர் குவாங் தேஷெங்கின் பெயரைப் பொறித்தாயிற்று. பெயருக்குக் கீழே என்ன எழுதுவது என்பதை இந்தக் கூட்டம்தான் கையுயர்த்திச் சொல்ல வேண்டும். விழாக்குழு எழுதிய வரி இதோ: ‘வாழ்நாளில் ஒருநாளும் வழுவாதவர்.’ ஆகா, அருமையான வரி! அழகான வரி! ஆனால், அன்பர்களே, அது பொய்யான வரி! அதை எதிர்க்கத்தான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன்.

முணுமுணுக்காதீர்கள். முழுவதும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். குவாங்கின் பெருமை தெரியாதவளா நான்?

கரி சுட்டுப் பிழைத்த வீட்டில், உப்புக்கும் வழியில்லாத வீட்டில் பிறந்தவர் யார்? பதினேழு வயதில் வைக்கோல் செருப்போடு செம்படையில் சேர்ந்து, பனிமலையில் இரண்டு விரல்களை இழந்தவர் யார்? பண்ணையார்களின் பத்திரங்களைக் கோயில் முற்றத்தில் குவித்துக் கொளுத்தியவர் யார்? பெண்பிள்ளைகளுக்கும் பள்ளியில் இடம் வேண்டும் என்று முழங்கியவர் யார்? குவாங்! குவாங்! குவாங்தான்!

நிலம் பங்கிட்ட அன்று என் தந்தை தம் வயலில் விழுந்து, ஒரு பிடி மண்ணை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வரப்பில் நின்ற குவாங் கேட்டாராம்: “என்னப்பா, உப்பு காரமெல்லாம் சரியா இருக்கா?” அழுதுகொண்டிருந்த அப்பா சிரித்துவிட்டார். அப்படி ஆண்டவர் அவர். அதிகாரியாக அல்ல, அண்ணனாக ஆண்டவர்.

அந்த அண்ணன்தான் ஐம்பத்தெட்டாம் ஆண்டு சறுக்கினார். அடுத்த மாவட்டத்துக்காரர்கள் ஒரே வயலில் பத்தாயிரம் ராத்தல் நெல் விளைந்ததாகப் பத்திரிகையில் பீற்றிக்கொண்டார்கள். நம்மவர் விடுவாரா? இருபதாயிரம் என்றார்! பன்னிரண்டு வயல்களில் முற்றி நின்ற நெல்லை வேரோடு பிடுங்கி, ஒரே வயலில் ஊசி நுழைய இடமின்றி நட வைத்தார். அந்தக் கதிர்களின் மேல் ஒரு சிறுமியை நிறுத்திப் படமும் எடுத்தார்கள். படம் பத்திரிகையில் வந்தது. பயிர் காற்றின்றிப் புழுங்கிப் பத்தே நாளில் அழுகியது.

அழுகியது நெல். அழுகாமல் நின்றது அந்தப் பொய்! அரசுக்குச் சேர வேண்டிய பங்கை அந்தப் பொய்யை வைத்தே கணித்தார்கள். விளைந்ததெல்லாம் களஞ்சியத்துக்குப் போயிற்று. நெற்குவியலின் மேல் சுண்ணாம்பு முத்திரை விழுந்தது. இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: எழுத்து வெட்டிய மரப்பெட்டியில் சுண்ணாம்புப் பொடி நிரப்பி, நெல்லின் மேல் தட்டுவார்கள். ஒரு பிடி அள்ளினாலும் எழுத்து கலைந்துவிடும். கலைத்தவனுக்குச் சிறை. அந்த முத்திரையைப் பதித்தவரும் குவாங்தான்.

மறு ஆண்டு வசந்தத்தில் என் தாய் ஒரு கிண்ணத்தோடு அவர் அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

“சாப்பிடுங்க தலைவரே.”

“என்ன தங்கச்சி இது?”

“உங்க இருபதாயிரத்துல எங்க பங்கு.”

சர்க்கரைவள்ளிக் கொடி மிதந்த வெந்நீரை ஒரு வாய் குடித்துவிட்டு அவர் கேட்டார்: “உப்பே இல்லையே?”

“உப்பு போட்டா தாகம் எடுக்கும். தண்ணியக் குடிச்சுக் குடிச்சே வீங்கிப்போறாங்க. லுவோ வீட்டு அண்ணன் இன்னிக்குக் காலையில எந்திரிக்கவே இல்ல, தலைவரே.”

கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை குவாங். அதைக் கையில் பிடித்தபடியே களஞ்சியத்துக்கு நடந்தார். பறையடித்து ஊரைக் கூட்டினார். காவலர் பதறினார்: “கை வெச்சீங்கன்னா ஜெயிலுதான் தலைவரே!”

“நான் வெச்ச முத்திரைதானேப்பா? என் கையாலயே அழியட்டும்.”

ஊரைப் பார்த்துத் திரும்பினார். “இருபதாயிரம்னு நான் சொன்னது பொய். பிடுங்கி நடச் சொன்னது நான்தான். அந்தப் பொய்யத்தான் நீங்க இத்தன நாளா கஞ்சியாக் குடிச்சீங்க. வாங்க, அள்ளிக்கிட்டுப் போங்க!”

சொல்லிவிட்டு, முழங்கை வரை இரு கைகளையும் முத்திரைக்குள் நுழைத்தார். அன்று எங்கள் வீட்டில் சோறு பொங்கியது.

எட்டாம் நாள் பதவி போயிற்று. மேடையில் நிறுத்தி வசைபாடினார்கள். பிறகு பல ஆண்டுகள் நம் ஆற்றங்கரையில் வாத்து மேய்த்தார். யாராவது ‘தலைவரே’ என்றால் சிரிப்பார்: “இப்ப வாத்துங்கதான் என் பேச்சக் கேக்குது. அதுவும் பாதி நேரந்தான்!”

என்ன? யாரது எழுந்து நிற்பது? லுவோ சுசென் அக்காவா? “செத்த மனுசர் மேல சேத்த வாரிப் பூசாதடி!” என்கிறார். அக்கா, சேற்றை நான் பூசவில்லை. ஊரறிய நின்று, தம் மேல் இருந்த சேற்றைத் தாமே காட்டியவர் அவர். அக்கா, கோபிக்காமல் ஒன்று சொல்லுங்கள். கதிர்களின் மேல் நின்ற அந்தச் சிறுமி யார்?

அமைதி, அமைதி! அக்கா பேசட்டும். ஒலிபெருக்கியை அவர் பக்கம் திருப்புங்கள்.

“நான்தான். காலுக்குக் கீழ பெஞ்சு இருந்துச்சு, வெளிய தெரியாம. குவாங் ஐயாதான் தூக்கி நிறுத்தினாரு. சிரிம்மான்னாரு, சிரிச்சேன். அடுத்த வருசம் எங்கப்பா போயிட்டாரு. களஞ்சியத்துல அள்ளின முதல் பிடிய ஐயா என் மடியிலதான் போட்டாரு... எழுதுடி, ருயிங். ரெண்டையும் எழுது. பொய்ய எழுதலேன்னா எங்கப்பா எதனால செத்தாருன்னு எந்தக் கல்லு சொல்லும்?”

கேட்டீர்களா, லியுடாங் மக்களே! இதற்கு மேல் நான் என்ன பேச? பொய் சொல்லிய தலைவர்கள் எத்தனையோ பேர். வயிறு வாடிய மக்கள் முன் வந்து நின்று, ‘பொய் சொன்னவன் நானே’ என்று சொன்னவர் எத்தனை பேர்? வழுவாதவர் என்று எழுதினால் அவர் சிலை ஆவார். வழுவியதை எழுதினால் நம் மனிதராகவே இருப்பார். ஆகவே நான் கேட்பது இரண்டே வரி: ‘பன்னிரண்டு வயலை ஒரு வயலாக்கிப் பொய் சொன்னார். தம் முத்திரையைத் தம் கையால் உடைத்து ஊரைக் காத்தார்.’

சம்மதம் என்போர் கையை உயர்த்துங்கள்!

முதல் கை லுவோ அக்காவின் கை. அதோ முன்வரிசைப் பெரியவர்கள். அதோ தாய்மார்கள். செயலாளர் அவர்களே, கடிகாரம் கட்டிய கையானாலும் பரவாயில்லை, உயர்த்துங்கள்... உயர்த்திவிட்டார்! கல்தச்சரே, உளியை எடுங்கள்!

முத்திரையை உடைத்த அந்த இரு கைகளுக்கு என் நன்றி. உண்மைக்காக உயர்ந்து நிற்கும் இத்தனை கைகளுக்கும் என் வணக்கம்!