யாரும் தொடாத முன் பிரேக்

எங்கள் வாலிநோக்கத்தில் முன் பிரேக்கைத் தொட்டு வண்டி ஓட்டுகிறவனை விரல்விட்டு எண்ணிவிடலாம், அய்யா. பிடித்தால் ஆளைத் தூக்கி அடித்துவிடும் என்று ஒரு பயம். காலால் மிதிக்கிற பின் பிரேக்கே எங்களுக்குப் போதும். வாக்குமூலத்தில் இதை முதலில் எழுதிக்கொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்குத் தானாகப் புரியும்.

என் பெயர் சோணைமுத்து, உப்பளத்து வேலை. உப்புக்காற்று என் வண்டியின் முன்சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற கேலிப்பரைத் தின்றுவிட்டது. உள்ளே பிஸ்டன் துருவேறி இறுகிவிட்டால், கையால் எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் பாட்டுக்குச் சுற்றும். அப்படித்தான் ஒருநாள் மனைவி நாகஜோதியோடு போகையில், அவசரத்துக்கு அதைப் பிடித்தும் நிற்காமல், ஒரு மீன்கூடைக்குள் வண்டியை விட்டேன். தலையில் கிடந்த சூடை மீனை எடுத்துப் போட்டுவிட்டு, "முன் பிரேக்கச் சரிபண்ணாம ஒங்க வண்டில ஏறுனா எம் பேரு நாகஜோதி இல்ல" என்றாள். அடுத்த பஸ்ஸில் கமுதிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை, அய்யா.

பிஸ்டனுக்கும் ரப்பர் சீலுக்கும் நாயாக அலைந்தேன். ராமநாதபுரத்துக் கடையில், "பழைய மாடலுண்ணே. மதுரைக்குச் சொல்லிவிடணும். வந்தா வரும்" என்றார்கள். தங்கச்சிமடத்தில் பழைய வண்டி பிரிக்கிற சதக் பாய் ஒரு குவியலையே காட்டினார். அத்தனையும் என்னுடையதைவிட மோசம். "கடலோரத்துல நல்ல கேலிப்பர் தேடுறியே தம்பி. கமுதிப் பக்கம் பாரு, அங்கன காத்துல உப்பு இல்ல" என்றார்.

நல்ல யோசனை. நாகஜோதியின் தம்பி பாண்டித்துரை கமுதியில் இதே மாடல் வண்டிதான் வைத்திருக்கிறான்.

அவனே ஞாயிற்றுக்கிழமை சமாதானம் பேச வந்தான். பாரை மீன் குழம்பு வைத்துப் போட்டேன். "மாப்ள, நீ முன் பிரேக் புடிப்பியா?" என்று கேட்டேன். "அய்யய்யோ, தொடவே மாட்டேன் மச்சான். தூக்கி அடிச்சிரும்ல" என்றான். இன்னொரு தடவையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒருவன் தொடவே தொடாத சாமான் அவனிடம் இருந்தால் என்ன, என்னிடம் இருந்தால் என்ன.

உண்ட மயக்கத்தில் அவன் படுத்ததும் அவனுடைய பிஸ்டன், சீல் எல்லாம் கழற்றி என் வண்டியில் போட்டேன். என்னுடையதை அவன் வண்டியில் போட்டேன். இதைத் திருட்டு என்று எழுதிவிடாதீர்கள். மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். பிரேக் ஆயில்கூட அவனுக்குப் புதிதாக ஊற்றினேன்.

அன்று சாயங்காலமே இருவரும் கமுதிக்குப் போனோம். நாகஜோதி என் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தாள். "சாமான் எங்கன கெடச்சுச்சு?"

"சொந்தத்துலதான்" என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

மறுநாள் காலையில் வாலிநோக்கத்துக்குக் கிளம்பும்போது, "எதுக்கும் இன்னைக்குத் தம்பி வண்டில வாரேன். அதுதான் பத்திரம்" என்று அவன் பின்னால் ஏறிக்கொண்டாள்.

டீ குடிக்க நிறுத்திய இடத்தில் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அந்த நேரம் பார்த்து அவள் தன் வடையில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் எந்த மனுசன் கேலிப்பர் பேச்சை எடுப்பான். பிறகு தம்பியைப் பார்த்து, "ஏலே, நீயும் இனிமே மொதல்ல முன் பிரேக்கப் புடிச்சுப் பழகு" என்றாள். அப்போது என் வாயில் வடை இருந்தது.

பத்திரமாகப் போகிறார்களா என்று பார்க்க அவர்கள் பின்னாலேயே போனேன்.

வழியில் ஒரு செம்மறி மந்தை குறுக்கே வந்தது. பாண்டித்துரை அக்கா சொல்லைத் தட்டாத பிள்ளை. முன் பிரேக்கைப் பிடித்தான். கால் பின் பிரேக்கைத் தேடுவதற்குள் வண்டி திரும்பி, ரோட்டோரம் காயப்போட்டிருந்த மிளகாய்க்குள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவர்களுக்குச் சிராய்ப்புதான், சிராய்ப்பில் மிளகாய்தான். நீங்கள் இப்படித் தும்முவதுகூட பாண்டித்துரை சட்டையில் ஒட்டியிருக்கிற மிளகாயால்தான், அய்யா.

அதோடு போயிருக்கும். வண்டியைப் பிரித்த மெக்கானிக், "கமுதி வண்டிக்குள்ள உப்பளத்து உப்பு எப்படி வந்துச்சு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்க வேண்டாம்.

சாமானை மாற்றியது நான்தான். தெரிந்தே அவளை அந்த வண்டியில் ஏறவிட்டதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த மந்தைக்கு முன்னால் என் வண்டி பிரேக் பிடித்த இடத்தில் அப்படியே நின்றது, அய்யா. கண்ணைத் திறக்க முடிந்திருந்தால் அவளும் பார்த்திருப்பாள். வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இப்போதாவது என் வண்டியில் ஏறுவாளா என்று ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.